நாய் இல்லாத லயங்கள்

786
கடைவீதி, பதுளை
1972 பெப்ரவரி 9

மதிப்புக்குரிய ஜெபமலர் டீச்சருக்கு,

புடவைக்கடை புஹாரி எழுதுகிறேன். உறையின் பின்னால் என் பெயரைப் பார்த்தும் அடுப்பில் போடாமல் பிரித்திருக்கிறீர்கள் என்றால் அதுவே பெரிய காரியம். சுகம் விசாரித்து நாலு வரி எழுதிவிட்டு விஷயத்துக்கு வருவதுதான் மரியாதை. நம் இரண்டு பேருக்கும் நடுவில் அது இப்போது பொய்யாகத் தெரியும். நேரே வருகிறேன்.

விஷயம் என் மகள் றஷீனா. போன வருஷம் உங்கள் ஏழாம் வகுப்பில் படித்தவள். பதின்மூன்று வயது. நீங்கள் செப்டம்பரில் பசறைப் பக்கம் மாற்றலாகிப் போன பிறகும் அவளுடைய காலை வயிற்றுவலி நிற்கவில்லை. வெள்ளைச் சட்டையைப் போட்டதும் தொடங்கும். பள்ளிக்கூட மணி அடித்து அரைமணி நேரத்தில் தானாக நிற்கும். டவுன் டாக்டர் மருந்து கொடுத்தார். லெப்பை தண்ணீர் ஓதிக் கொடுத்தார். இரண்டும் கேட்கவில்லை. நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு நான் ஒரு முடிவெடுத்தேன். பள்ளிக்கூடம் வேண்டாம், வீட்டில் இரு என்றேன். எங்கள் ஆட்களில் வயதுக்கு வந்த பிள்ளையை நிறுத்துவது புதினமில்லை, அதனால் ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. ஒரு கிழமை, ஏழே நாளில் வயிற்றுவலி போய்விட்டது. டாக்டரும் லெப்பையும் செய்யாததை நான் செய்துவிட்டேன் என்று கொஞ்சம் பெருமையும் பட்டேன்.

டிசம்பரில், நத்தார் நேரம், வேறொன்று வந்தது. எழும்ப மாட்டாள். தலை வார மாட்டாள். கூப்பிட்டால் பதில் வர நேரமாகும். ஹஜ் பெருநாளுக்கு வந்த சீத்தைத் துணிக் கட்டுகளை அவள் முன்னால் பிரித்து வைத்தேன். போன வருஷம் வரை பெரிய மனுஷி மாதிரி விளிம்பைக் கசக்கிப் பார்த்து, இது சாயம் போகும், இது போகாது என்று சொல்லுவாள். முக்கால்வாசி சரியாக இருக்கும். இந்த முறை, "எது எண்டாலும் சரி வாப்பா" என்று சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டாள்.

என் மச்சான் ஷுக்ரி, பெண்சாதியின் தம்பி, மொனராகலையில் ஒரு இடம் இருக்கிறது, இப்போதே பேசி முடித்துவிடுவோம், கலியாணத்தைப் பிறகு வைத்துக்கொள்வோம், பிள்ளை தெளிந்துவிடும் என்கிறார். ஜூன் மாதத்துக்குள் பதில் வேண்டுமாம். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் மறுக்க என்னிடம் வேறு யோசனையும் இல்லை.

எனக்கு விளங்காதது இதுதான். பயந்தாள், பயத்துக்குக் காரணமானதை எடுத்துவிட்டேன், பயம் போனது. பிள்ளை சுகமாக வேண்டுமல்லவா? அந்த இடத்தில் இது ஏன் வந்து உட்கார்ந்தது? இரண்டும் இரண்டு நோயா, ஒரே நோய் உடுப்பு மாற்றிக்கொண்டு வந்ததா? ஒரு வருஷம் தினமும் ஐந்து மணி நேரம் அவளைப் பார்த்தது நீங்கள் மட்டும்தான். பார்த்ததை எழுதினால் போதும்.

புஹாரி


இயேசு மரி சூசை
பசறை
17.2.1972

புஹாரி முதலாளி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். முதல் தரம் கோபம் மட்டும்தான் வந்தது.

அதில் எல்லாம் இருக்கிறது, பெட்டிசனைத் தவிர. கல்விக் கந்தோரில் அதிகாரிகள் அதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். "மாணவியின் இடது மணிக்கட்டில் ஆசிரியையின் பிரம்படித் தழும்பு உள்ளது." கீழே உங்கள் கையெழுத்து. நான் பன்னிரண்டு வருஷமாகப் படிப்பிக்கிறேன், பிரம்பு வாங்கியதே இல்லை. இரண்டு கிழமையில் மாற்றல் வந்தது. பதுளையில் என் அப்பா கண்பார்வை குறைந்து தனியாக இருக்கிறார். சனிக்கிழமை போய் ஞாயிற்றுக்கிழமை திரும்புகிறேன். இதை நீங்கள் தெரிந்துகொண்டே கேட்க வேண்டும் என்பதற்காக எழுதினேன். இனி பிள்ளையின் விஷயம். பிள்ளைக்கும் பெட்டிசனுக்கும் சம்பந்தமில்லை.

நீங்கள் தேதியைத் தப்பாகப் பிடித்திருக்கிறீர்கள்.

போன வருஷம் ஜனவரியில், வாசிப்புப் பாடம் உள்ள நாட்களில், முதல் மணிக்கு முன்னால் வந்து மேசையருகே நிற்பாள். "டீச்சர், இண்டைக்கு வாசிக்கச் சொல்லுவீங்களா?" இல்லை என்பேன். பிரார்த்தனை முடிந்ததும் வந்து மறுபடி கேட்பாள். பதிலுக்காக இல்லை, கேட்டால்தான் தன் இடத்தில் போய் உட்காருவாள். பாவமாக இருந்தது. நீ இனி சத்தமாக வாசிக்க வேண்டாம், வீட்டில் எழுதிக்கொண்டு வா என்றேன். அன்றைக்கு அவள் முகத்தில் வந்த வெளிச்சம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. எனக்கும் நான் நல்ல டீச்சர் என்று ஒரு நினைப்பு.

மார்ச்சில் கரும்பலகைக் கணக்கு பயமாகிவிட்டது. அதையும் விட்டேன். பிறகு விளையாட்டு. பிறகு பிரார்த்தனை வரிசையில் முன்னால் நிற்பது. ஒவ்வொன்றையும் விட விட அவள் ஒரு வாங்கு பின்னால் போய் உட்கார்ந்தாள். ஜூன் மாதம் கடைசி வாங்கில், கதவருகே. கூட இருந்த பிள்ளைகள் இடைவேளையில் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். சிரிப்பு அப்போதே போய்விட்டது, முதலாளி. நத்தாருக்கு வந்ததாக நீங்கள் சொல்வது ஜூனிலேயே வந்துவிட்டது. பயம் பெரிதாகச் சத்தம் போட்டதால் மற்றது யார் கண்ணிலும் படவில்லை.

எப்படித் தூங்குகிறாள்? அதை நீங்கள் எழுதவில்லை.

ஜெபமலர்


786
பதுளை
பெப்ரவரி 28

ஜெபமலர் டீச்சருக்கு,

பெட்டிசன் போட்டது நான். கடைக்குத் துணி எடுக்க வரும் ஒரு கிளார்க்கிடம் எழுத்து நடை மட்டும் திருத்தி வாங்கினேன். விஷயம் என்னுடையது. அது நடந்த விதத்தைச் சொல்கிறேன், நியாயம் கேட்டு இல்லை.

ஓகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து ஷுக்ரியும் வீட்டில் இருந்தார். அவர் முன்னால் மகளை நிறுத்தி, "டீச்சர் அடிச்சாவா?" என்று கேட்டேன். இல்லை என்று தலையசைத்தாள். இன்னொரு முறை கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள். மூன்றாம் தரம் சத்தமாகக் கேட்டேன். ஆம் என்று தலையை ஆட்டினாள். கையைப் பிடித்துப் பார்த்தால் மணிக்கட்டில் தழும்பு. எனக்கு அதோடு விளங்கிவிட்டது. கடையில் ஆள் பொய் சொல்கிறானா என்று கண்ணைப் பார்த்தே சொல்லுவேன் என்று பெயர் எடுத்தவன் நான். அந்தத் தழும்பு அயன் பெட்டி சுட்டது என்று என் பெண்சாதி ஹம்ஸியா சொன்னது உங்கள் கடிதத்தை வாசித்துக் காட்டிய பிறகுதான். ஏன் அப்போதே சொல்லவில்லை என்றால், "நீங்க என்னட்டக் கேட்டீங்களா?" என்கிறாள். கேட்கவில்லை.

தூக்கம். போன வருஷம் ஏப்ரலில் ஊரடங்குச் சட்டம் போட்ட நாட்களில் உம்மாவோடு படுக்க வந்தாள். திரும்பத் தன் அறைக்குப் போகவில்லை. கதவு பூட்டியாச்சா என்று நாலு தரம் கேட்பாள். ஊர் அடங்கிக் கனநேரம் போகும் வரை விழித்திருப்பதாகவும், விடியும்போதுதான் கண் மூடுவதாகவும் ஹம்ஸியா சொல்கிறாள். பிறகு எப்படி எழும்புவாள்? சோம்பல் என்று நான் நினைத்ததில் பாதி இதுதான் போலிருக்கிறது. இப்போது கதவைப் பற்றிக் கேட்பதில்லை. பயம் போனதற்கு அதையும் ஒரு அத்தாட்சியாக வைத்திருந்தேன்.

நீங்கள் ஒவ்வொன்றாக விட்டதாக எழுதியதை வாசித்தபோது எனக்கு ஒரு பழைய கதை ஞாபகம் வந்தது. யாரிடமும் சொன்னதில்லை. இருபத்திரண்டு வயதில் பொட்டணி வியாபாரம் செய்தேன். துணி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு பசறைப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில், தொழிலாளர் வரிசை வீடுகளில், பதினொரு லயம் சுற்றுவேன். மேல் லயத்தில் ஒரு நாய் கெண்டைக்காலைக் கடித்தது. அடுத்த மாதம் அந்த லயத்தை விட்டுவிட்டேன். விட்டதும் உடம்பில் ஒரு சுகம் பரவியது பாருங்கள், சீனி தின்றது போல. அதற்கடுத்த மாதம் பக்கத்து லயத்தையும் விட்டேன். அங்கே இருந்த நாய் குரைத்ததுகூட இல்லை. ஆறு மாதத்தில் நாய் இல்லாத லயங்களுக்கு மட்டும் போனேன். அவற்றில் ஒன்றில் யாரோ ஒரு குட்டியைக் கொண்டுவந்துவிட்டார்கள். வருஷக் கடைசியில் எனக்கு மிச்சம் இரண்டு லயம். பிறகு அதுவும் இல்லை. பதுளையில் ஒரு அறையில் ஒரு மாதம் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். நாய்ப் பயம் துளியும் இல்லை, அறைக்குள் ஏது நாய்? ஆனால் நீ ஒன்றுக்கும் உதவாதவன் என்று உள்ளே ஒருவன் சொல்லிக்கொண்டே இருந்தான்.

எழுப்பியது ரெங்கம்மா என்று ஒரு வாடிக்கைக்காரி. சந்தைக்கு வந்தவள் விசாரித்துக்கொண்டு அறை வாசலுக்கே வந்து, சொந்த அண்ணனைக் கேட்பது போல, "என்னா நானா, நீங்க வரலன்னா நாங்கல்லாம் அம்மணமாவா திரியிறது?" என்று கேட்டாள். அடுத்த கிழமை போனேன். அவள் நாயின் காதைப் பிடித்துக்கொண்டு நின்றாள், நான் மூட்டையை அவிழ்த்தேன். அந்த நாய் ஏழு வருஷம் மாதா மாதம் என்னைப் பார்த்துக் குரைத்தது. ஒரு நாளும் எனக்குப் பயம் விட்டுப் போகவில்லை. வியாபாரம் நடந்தது.

என் பிள்ளையின் எல்லா லயங்களையும் நானே விட வைத்துவிட்டேன் என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் ஒன்று இன்னும் விளங்கவில்லை. "நான் கெட்டவள்" என்று தனியாகச் சொல்லிக்கொள்கிறாளாம். எனக்கு உதவாதவன் என்று தோன்றியது. இவளுக்கு ஏன் கெட்டவள்?

புஹாரி


பசறை
14.3.1972

புஹாரி முதலாளி அவர்களுக்கு,

அடிக்காத கையை அடித்ததாக எழுதியவரிடமிருந்து இப்படி ஒரு கடிதம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கோபம் போய்விட்டது என்று எழுத மாட்டேன், அது கொஞ்ச நாள் இருக்கும். ஆனால் உங்கள் நாய்க் கதையை என்னோடு தங்கியிருக்கும் டீச்சரிடம் வாசித்துக் காட்டினேன். ரெங்கம்மாவின் பேச்சுக்கு இரண்டு பேரும் சிரித்தோம்.

விட வைத்தது நீங்கள் மட்டுமில்லை. முதல் லயம் நான் விட்டது, அந்த வாசிப்பு.

இங்கே ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் பாக்கியலெட்சுமி. பன்னிரண்டு வயது. அம்மா ராசம்மா கொழுந்து பறிக்கிறாள். இவளை வளர்த்தது அக்காதான். தோட்டத்து ஆட்களைத் திருப்பி அனுப்பும் ஒப்பந்தத்தில் பெயர் வந்து, புருஷனோடு அக்கா போன ஓகஸ்டில் இந்தியாவுக்கு ரயில் ஏறிவிட்டாள். பிள்ளை மூன்று மாதம் பேசவில்லை, சரியாகச் சாப்பிடவில்லை. அப்போது பயம் என்று ஒன்றுமே இல்லை, இருட்டில் தண்ணீர்ப் பீலிக்குத் தனியாகப் போவாள். நத்தாருக்குப் பிறகு பீலிக்குப் போக மாட்டேன் என்றாள். பஸ் சத்தம் கேட்டால் காதைப் பொத்துகிறாள். அம்மா வேலைக்குப் போக ஐந்து நிமிஷம் பிந்தினாலும் முந்தினாலும் அழுகிறாள். தோட்டத்து மருந்துக்காரர் வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்தார். பூச்சி வந்தது, பயம் போகவில்லை.

உங்கள் மகளுக்குப் பயம் முன்னால், சோர்வு பின்னால். இவளுக்குச் சோர்வு முன்னால், பயம் பின்னால். எனக்கு இது பெரிய ஆச்சரியம். இரண்டு பேரும் எதிரெதிர்த் திசையிலிருந்து புறப்பட்டு ஒரே இடத்துக்கு வந்திருக்கிறார்கள். அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று நோட்டில் எழுதிப் பார்த்தேன். தூக்கம் கெட்டிருக்கிறது, இரண்டு பேருக்கும். தனிமை, இரண்டு பேருக்கும். பிறகு, எல்லாம் என்னால்தான் என்ற நினைப்பு. பாக்கியம் ஒரு நாள் என்னிடம், "அக்கா போறன்னைக்கி நான் சண்ட போட்டேன் டீச்சர், அதனாலதான் கடுதாசி போடல" என்றாள். இதுவரை அவள் அதை வேறு யாருக்கும் சொல்லவில்லை.

அவளை வகுப்பு வரவுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு தினமும் அடுத்த கட்டிடத்துக்குப் போகச் சொல்லியிருக்கிறேன். நூறு அடி தூரம். முதல் நாள் பாதியில் திரும்பி வந்தாள். நான் புத்தகத்தை வாங்கிக்கொள்ளவில்லை. இப்போது போகிறாள். போன கிழமை ஒரு நாள் மதியச் சோற்றை முழுதாகச் சாப்பிட்டாள். சோற்றைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

றஷீனா ஏன் கெட்டவள் என்று சொல்கிறாள் என்று கேட்டீர்கள். நான் எதனால் மாற்றலானேன் என்று அவளுக்குத் தெரியுமா? கேட்டுப் பாருங்கள். ஆனால் மூன்று தரம் கேட்காதீர்கள்.

ஜெபமலர்


786
பதுளை
ஏப்ரல் 2

ஜெபமலர் டீச்சருக்கு,

நான் கேட்கவில்லை. கேட்கிற வாய் எனக்குச் சரியில்லை என்று தெரிந்துவிட்டது. சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டு. ஒரு கட்டு வெள்ளைத் துணியை மடிக்க ஆள் வேண்டும் என்று அவளை மாடி வீட்டிலிருந்து மெல்லக் கீழே கூட்டி வந்தேன். அவள் ஒரு முனை, நான் ஒரு முனை. மடித்துக்கொண்டே, ஜெபமலர் டீச்சரை மாற்ற பெட்டிசன் எழுதினது நான், அவ உன்னை அடிக்கல்ல எண்டு எனக்கு இப்பத் தெரியும், பிழை எனக்கு என்றேன். துணி அவள் கையில் நின்றுவிட்டது. பிறகு,

"நான் தலையாட்டினேன்தானே வாப்பா" என்றாள்.

"ஏன் மகள் ஆட்டினாய்?"

"ஆட்டாட்டி நீங்க கேக்கிறத நிப்பாட்ட மாட்டீங்க."

டீச்சர், நான் என் முனையைக் கீழே வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அவள் தானாகப் பேசினாள், நாலு மாதத்துக்கும் சேர்த்து. நீங்கள் போன அன்று வகுப்பில் ஒரு பிள்ளை, உங்கள் அப்பாவுக்குக் கண் தெரியாது, இனி யார் சோறாக்கிக் கொடுப்பார்கள் என்று சொன்னதாம். அன்றிலிருந்து தினமும் அவர் விழுந்து கிடப்பதாக நினைப்பாம். அல்லாஹ் தன்னைப் பிடிப்பான் என்று நினைப்பாம். கடைசி இரண்டு மாதம் பள்ளிக்கூடத்தில் அவள் பயந்தது வாசிப்புக்கு இல்லையாம். டீச்சரை அனுப்பியவள் இவள்தான் என்று யாராவது முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று.

இதை நான் பல நாளாகத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். முதல் பயம் அவளைத் தலையாட்ட வைத்தது. தலையாட்டியது மனக்கவலையானது. மனக்கவலையிலிருந்து புதிதாக ஒரு பயம் பிறந்தது. அந்தப் பயத்துக்குத்தான் நான் பள்ளிக்கூடத்தை நிறுத்தினேன். நிறுத்தியதும் கவலை மட்டும் தனியாக வீட்டில் குந்திக்கொண்டது. ஒன்று மற்றதைப் பெற்று, அது இதைப் பெற்று... தாய் எது பிள்ளை எது என்று கேட்டு நான் உங்களுக்கு முதல் கடிதம் எழுதினேன். இப்போது அந்தக் கேள்வியே மடத்தனமாகத் தெரிகிறது.

கல்விக் கந்தோருக்குப் போய் பெட்டிசன் பொய் என்று எழுதிக் கொடுக்கப் போகிறேன். உங்களைத் திரும்ப பதுளைக்கே போடச் சொல்லியும் கேட்பேன், அதற்கு எனக்கு ஆட்கள் இருக்கிறார்கள். நீங்கள் வந்துவிட்டால் அவள் பள்ளிக்கூடம் போவாள். ஷுக்ரி, கையெழுத்துப் போட்ட கையால் இல்லை என்று எழுதினால் கடைக்கு மரியாதை போய்விடும் என்கிறார். கடை பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

புஹாரி


பசறை
11.4.1972

புஹாரி நானாவுக்கு,

பெட்டிசனை மறுத்து எழுதிக் கொடுங்கள். அது என் பெயர், எனக்கு வேண்டும்.

மாற்றலைக் கேட்காதீர்கள். இதை எழுத எனக்கு மூன்று நாள் பிடித்தது. அப்பாவுக்கு இப்போது பக்கத்து வீட்டில் சாப்பாடு ஒழுங்கு செய்திருக்கிறேன், அவர் நன்றாக இருக்கிறார், விழவில்லை. அதை முதலில் றஷீனாவிடம் சொல்லுங்கள். எனக்குத் திரும்பி வர ஆசைதான். ஆனால் உங்கள் கடிதத்தில், நீங்கள் வந்துவிட்டால் அவள் போவாள் என்ற வரியில் நின்றுவிட்டேன். அவள் பயந்தபோது வாப்பா ஒரு டீச்சரை அனுப்பினார். அவள் வாடியபோது வாப்பா அதே டீச்சரைக் கொண்டுவந்தார். இரண்டும் ஒன்றுதான், நானா. மலையே நகரும், அவள் மட்டும் நகர வேண்டியதில்லை என்று அவள் படித்துக்கொள்வாள்.

அவளை இங்கே அனுப்புங்கள். ஒரு சனிக்கிழமை, பஸ்ஸில். என்னிடம் சொல்ல வேண்டியது அவளிடம் இருக்கிறது, கேட்க நான் இருக்கிறேன். வளைவுகளில் வாந்தி எடுப்பாள். எடுக்கட்டும், மற்றவர்களும் எடுக்கிறார்கள். நீங்கள் வர வேண்டாம், அவள் உம்மா வரட்டும். உங்கள் முகத்தைப் பார்த்தே அவள் எவ்வளவு பயப்பட வேண்டும் என்று அளந்துகொள்கிறாள் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

ஜெபமலர்


786
பதுளை
மே 8

ஜெபமலர் டீச்சருக்கு,

உங்கள் சந்தேகம் சரி. ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை ஹம்ஸியாவும் மகளும் பஸ் ஸ்டாண்டுக்குப் போனார்கள். வர வேண்டாம் என்று நீங்கள் எழுதியும் நான் பின்னால் போனேன். பஸ்ஸில் ஒரு கால் வைத்தாள், உதடு வெளுத்தது, திரும்பி என்னைப் பார்த்தாள். "எனக்கு ஏலா வாப்பா." நான் கையை நீட்டி இறக்கிவிட்டேன். அவள் இறங்கக் கேட்கவில்லை, டீச்சர். ஏலா, முடியவில்லை என்று மட்டும்தான் சொன்னாள். வீட்டுக்கு வரும் வழியில் அவள் முகத்தில் முதலில் அந்தச் சுகம் வந்தது, நான் சொன்னேனே, சீனி தின்றது போல. கடைவாசல் வருமுன் அது போய்விட்டது. மூன்று நாள் படுக்கையில் கிடந்தாள். பயம் விட்ட இடத்தில் மற்றது வருவதைக் கண்ணால் பார்த்தேன். இதுவரை மாதக்கணக்கில் நடந்ததை அரைமணி நேரத்தில் காட்டிவிட்டாள்.

அந்தச் சனிக்கிழமை இரவு ஹம்ஸியா சாப்பாட்டை வைத்துவிட்டுச் சொன்னாள்: "பயப்புடுறது புள்ள இல்ல. நீங்க." கோபம் வந்தது. யோசித்தால் கோபம் வரக் காரணம் அது உண்மை என்பதுதான். மகளின் முகம் மாறினால் எனக்குத் தாங்காது. என் தாங்காமைக்குத்தான் இத்தனையும் விட்டுக்கொடுத்தேன், அவளுக்கு என்று பெயர் சொல்லிக்கொண்டு.

இப்போது தினமும் பின்னேரம் உம்மாவும் அவளும் பசறை பஸ்ஸில் ஏறி முதல் நிறுத்தத்தில் இறங்கி நடந்து வருகிறார்கள். பிறகு இரண்டாம் நிறுத்தம். நான் கடையில் இருக்கிறேன். ஷுக்ரி வந்து, "பஸ்ஸுல ஏத்தி எறக்குறதுதான் வைத்தியமா மச்சான், கண்டக்டருக்கு ஒரு டாக்டர் கோட்டும் தைச்சுக் குடுங்க" என்றார். சிரித்துவிட்டேன், வேறென்ன செய்ய. மொனராகலைக்காரர் இன்னும் காத்திருக்கிறாராம்.

கந்தோரில் பெட்டிசனை மறுத்து எழுதிக் கொடுத்தாயிற்று. படிவத்தில் காரணம் என்று ஒரு இடம் இருந்தது. பிள்ளையிடம் மூன்று தரம் கேட்டதால் என்று எழுதினேன். வாங்கியவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

மே 20 சனிக்கிழமை வருவார்கள்.

புஹாரி


பசறை
21.5.1972

புஹாரி நானாவுக்கு,

வந்தார்கள். நேற்று முழுநாளும் நீங்கள் கடையில் எப்படி நின்றிருப்பீர்கள் என்று உங்கள் பெண்சாதி நடித்துக் காட்டினார், அதனால் முதலில் அதை எழுதுகிறேன்.

இரண்டு முறை வாந்தி எடுத்திருக்கிறாள். இறங்கியபோது முகம் சுண்ணாம்பு. நாளைய குடியரசு விழாவுக்குப் பிள்ளைகள் பள்ளியில் காகிதக் கொடி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். நான் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. பாக்கியலெட்சுமிக்குப் பக்கத்தில் இடம் இருந்தது, அங்கே உட்கார்ந்தாள். ஒரு மணி நேரம் இரண்டு பேரும் கொடி ஒட்டினார்கள். பிறகு பாக்கியம், "நீங்க டவுனா?" என்றாள். "ம்" என்றாள் இவள். அவ்வளவுதான். ஆனால் பசை தண்ணியாக இருக்கிறது, மா கூடப் போட வேண்டும் என்று றஷீனா சொன்னது எனக்குக் கேட்டது. மா போட்டார்கள்.

சாப்பிட்ட பிறகு என் அறைக்கு வந்து நின்றாள். "டீச்சர், நீங்க எனக்கு அடிக்கல்ல" என்றாள். தெரியும் மகளே என்றேன். "உங்களுக்குத் தெரியும். நான் சொல்லோணும்." சொல்லிவிட்டு அழுதாள், பிறகு நின்றது. இனிப் பயம் வராதா என்று கேட்டாள். வரும் என்றேன். பொய் சொல்லியிருந்தால் அந்த நிமிஷம் இனிமையாக இருந்திருக்கும், போன வருஷம் ஜனவரியில் இனி வாசிக்க வேண்டாம் என்றேனே, அந்த நாளைப் போல. கவலையும் வருமா என்று கேட்டாள். சில நாள் வரும், ஆனால் இரண்டும் ஒன்றுக்கொன்று கதவு திறந்துவிடும், நீ ஒன்றை மட்டும் வாசலில் நிறுத்தினாலும் போதும் என்றேன். யோசித்தாள். எதை முதலில் என்றாள். எது கைக்கு எட்டுகிறதோ அதை என்றேன். வேறு பதில் எனக்குத் தெரியவில்லை, நானா. நானும் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அதன் பிறகு என் பாயில் படுத்து மூன்று மணி நேரம் தூங்கினாள். வெளியே அறுபது பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள்.

பாக்கியத்தின் அக்காவிடமிருந்து இன்னும் கடிதம் இல்லை. ஆனால் பாக்கியமே அக்காவுக்கு ஒன்று எழுதிப் போட்டிருக்கிறாள்.

ஜெபமலர்


786
பதுளை
ஜூன் 16

ஜெபமலர் டீச்சருக்கு,

இரண்டாம் தவணையில் சேர்த்துக்கொள்ளத் தலைமையாசிரியர் சம்மதித்தார். ஒரு வகுப்புக் குறைத்துத்தான். அவளுக்கு அது வெட்கம், எனக்கும் கொஞ்சம். மூன்று கிழமையில் நாலு நாள் போகவில்லை. போகாத நாள் நான் மேலே ஏறிப் பார்க்கப் போவதில்லை, ஹம்ஸியா பார்த்துக்கொள்கிறாள். மறுநாள் போய்விடுகிறாள். தன் அறையில் படுக்கிறாள், கதவு திறந்திருக்க வேண்டும், விளக்கு எரிய வேண்டும். சில நாள் பழையபடி பேச்சில்லாமல் சுவரைப் பார்க்கிறாள். முன்பென்றால் நான் அன்றைக்கே ஏதாவது ஒன்றை மாற்றியிருப்பேன். இப்போது கடையில் இருந்து துணியைக் கிழித்துக்கொண்டிருக்கிறேன், பற்களைக் கடித்துக்கொண்டு.

மொனராகலைக்காரருக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன். ஷுக்ரி ஒரு கிழமை வரவில்லை, பிறகு சாரம் வாங்க வந்தார்.

உங்கள் விருப்பப்படி மாற்றல் விஷயத்தில் நான் வாயைத் திறக்கவில்லை. கந்தோரில் தாமாகவே உங்கள் பைலை எடுத்திருப்பதாகக் கேள்வி. வருவதும் இருப்பதும் உங்கள் முடிவு.

இந்த உறைக்குள் இன்னொரு கடிதம் இருக்கிறது. நேற்றுப் பின்னேரம் பள்ளிக்கூடம் விட்டு வந்து, கடையில் என் மேசையிலேயே உட்கார்ந்து எழுதினாள். இரண்டு பக்கம். பசை வைத்து ஒட்டி, "டீச்சருக்கு அனுப்புங்க வாப்பா" என்று என் கையில் தந்தாள். பாக்கியலெட்சுமி பெயரும் மேலே இருக்கிறது. இத்தனை மாதம் இந்தப் பிள்ளைக்குள் என்ன நடக்கிறது என்று ஊரெல்லாம் கேட்டுத் திரிந்தவன் நான். உங்களுக்கே எத்தனை கேள்வி எழுதினேன். இப்போது பதில் முழுவதும் என் கையில், ஒரு ஒட்டுக் காகிதத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், உங்களிடம் மறைக்கவில்லை. எழுத்து தெரிந்தது, வாசிக்க முடியவில்லை. பசை நன்றாகத்தான் போட்டிருக்கிறாள்.

கீழே வைத்துவிட்டேன். அவளிடம் என்ன எழுதினாய் என்று ஒரு தரமும் கேட்கவில்லை. அதில் என்ன இருக்கிறது என்று நீங்களும் எனக்கு எழுத வேண்டாம்.

புஹாரி